கிடைக்குப் பின்னால் நடக்கும் பிள்ளைகள்

சம்பா அறுப்பு முடிந்ததும், தை மாசியில், திருச்சியைச் சுற்றியுள்ள நெல்வயல்களில் ஆட்டுக்கிடை இறங்கத் தொடங்கும். கே.கே. நகரிலிருந்து புதுக்கோட்டைச் சாலையைப் பிடித்தால் விமான நிலையம், மாத்தூர், கீரனூர் என்று சீக்கிரமே மேட்டு நிலமும் முள்காடும் வறண்ட கண்மாயுமாக இன்னொரு சீமை வந்துவிடும். வடக்கே திரும்பினால் உய்யக்கொண்டான் வாய்க்கால், காவிரி, ஸ்ரீரங்கம், கொள்ளிடம் தாண்டி லால்குடி வரை நெல்லும் வாழையும்தான். காய்ந்த சீமையையும் ஈரச் சீமையையும் ஆண்டுதோறும் தங்கள் கால்களால் சேர்த்து வைப்பவர்கள் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள். ஊரில் புல் கருகியதும் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று வலசை போவார்கள். அறுப்பு வயலில் ராத்தங்கி, ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்க, அதற்குக் கூலியாகப் பணமோ நெல்லோ வாங்கிக்கொண்டு அடுத்த வயலுக்கு நகர்வார்கள். சாலையில் போகிறவர் கண்ணுக்கு நூற்றுக்கணக்கான ஆடுகளும் தொரட்டிக் கம்போடு நிற்கும் ஓர் ஆளும்தான் தெரியும். அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. குடும்பத்தில் பல நேரம் கைக்குழந்தையும், பள்ளி வயதுப் பிள்ளையும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றியது இந்தக் கட்டுரை.

கிடையில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தால்தான் பிள்ளையின் இடம் புரியும். வரப்போரம் தார்ப்பாய் கட்டிய தங்கல், மூன்று கல் அடுப்பு, பம்புசெட்டிலிருந்து சுமந்து வந்த இரண்டு குடம் தண்ணீர், பக்கத்தில் ஒரு மரம் இருந்தால் அதன் கிளையில் பழைய சேலையால் தூளி. சற்றுத் தள்ளிக் கூடையைக் கவிழ்த்து வைத்ததுபோல வரிசையாகக் கொடாப்புகள். அவற்றுக்குள் பிறந்து சில நாளேயான குட்டிகள். காலையில் ஆண்கள் பெரிய ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றபின் தங்கலில் மிஞ்சுவது பெண், குழந்தை, குட்டிகள். அவற்றுக்குக் குழை ஒடித்துக் கட்டுவதும், கழிச்சல் கண்ட குட்டியைத் தனியே பிரித்து வைப்பதும், தெருநாய் வராமல் பார்ப்பதும், சமையலும், தூளியில் அழும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் அந்த ஒருத்தியின் வேலை. பொழுது சாயும்போது தாய் ஆடுகள் கத்திக்கொண்டே திரும்பும். எந்தக் குட்டி எந்த ஆட்டுடையது என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். மாற்றிச் சேர்த்தால் தாய் ஆடு முட்டித் தள்ளிவிடும். இந்த வேலையில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சமமாக நிற்பார்கள். நிறம், காது, நடை, குரல் ஆகியவற்றை வைத்து நூறு குட்டிகளைப் பெயர் சொல்லிப் பிரித்தறியும் நினைவாற்றல் அந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. வெளியே எந்தத் தேர்வும் அதை அளப்பதில்லை.

இந்தக் குடும்பங்கள் டெல்டாவுக்குச் செய்யும் வேலையின் மதிப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். இவர்களை இரக்கத்துக்கு உரியவர்களாக மட்டுமே பார்த்தால் பேச்சு தப்பான திசையில் போய்விடும். ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்பது உழவர் வாயில் புழங்கும் பழமொழி. ஆட்டெரு சீக்கிரம் மக்கிப் பயிருக்குச் சேரும். மூத்திரத்தில் உள்ள தழைச்சத்து நேரே மண்ணில் இறங்கும். ஒரு செம்மறி ஓர் இரவில் போடும் எரு சில நூறு கிராம்தான். ஆனால் ஆயிரம் ஆடு ஒரு வயலில் அடைந்தால் வண்டி வைத்து எரு அடிக்கும் செலவும், அதைப் பரப்பும் ஆள்கூலியும் மிச்சம். இரசாயன உரத்தால் களைத்துப்போன மண்ணுக்குத் தொழு உரம் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்தக் காலத்தில், உழவுக்கு டிராக்டர் வந்து வீட்டுக்கு வீடு மாடு குறைந்துவிட்ட காவிரிக் கரையில், கிடை அமர்த்துவது பழைய வழக்கம் என்பதைத் தாண்டித் தேவையாகவே ஆகிவிட்டது. நாம் உண்ணும் சோற்றில் கீதாரி வீட்டுப் பிள்ளையின் உழைப்பும் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளையின் படிப்புக்கும் உடம்புக்கும் ராமநாதபுரம் மட்டும் பொறுப்பேற்றால் போதாது. திருச்சியும் தஞ்சாவூரும் பொறுப்பேற்க வேண்டும்.

என் வாதம் இதுதான். கிடையில் வளரும் பிள்ளைக்கு நேரும் இழப்பு, வெட்டவெளியில் வாழ்வதால் வருவது குறைவு. பள்ளி, அங்கன்வாடி, சுகாதார நிலையம் ஆகிய மூன்றும் அசையாத வீட்டு முகவரி உள்ள பிள்ளையை மட்டுமே மனத்தில் வைத்து அமைக்கப்பட்டிருப்பதால் வருவதுதான் அதிகம். நாட்காட்டியை வைத்துப் பார்த்தாலே இது விளங்கும். நம் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. கீதாரியின் ஆண்டு தையில் ஊரை விட்டுக் கிளம்பி, மேட்டூர் அணை திறந்து குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை டெல்டாவில் ஓடுகிறது. அணை திறப்பின் வழக்கமான நாள் ஜூன் 12. அதாவது அரையாண்டுத் தேர்வு எழுதிய பிள்ளை பொங்கலுக்குப் பின் வகுப்பில் இருக்காது. முழு ஆண்டுத் தேர்வு நடக்கும் ஏப்ரலில் அது லால்குடிப் பக்கமோ மன்னார்குடிப் பக்கமோ ஏதோ ஒரு வரப்பில் குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டிருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது குடும்பம் இன்னும் திரும்பும் வழியில் இருக்கும். கல்வியாண்டின் பின்பாதி முழுதும் இப்படி ஆண்டுக்கு ஆண்டு அடிபட்டால், மூன்றாம் வகுப்பைத் தாண்டுமுன் பிள்ளை பாடத்தில் பின்தங்கும். ஐந்தாம் வகுப்பில் கூச்சம் வந்துவிடும். அதற்குமேல் அது கிடைக்கே சொந்தமாகிவிடும். பதிவேட்டில் இடைநிற்றல் என்று ஒரு சொல் விழும். உண்மையில் நின்றது பள்ளிதான். பிள்ளை நடந்துகொண்டுதான் இருந்தது.

இந்த மோதலைக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளப் பார்க்கின்றன. பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் கிடைக்குப் போவது ஒரு வழி. அம்மா ஊரில் தங்கிக்கொள்ள, அப்பா கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டு கிளம்புவது இன்னொரு வழி. மூத்ததை விட்டுவிட்டு, பால்குடி மறக்காததை மட்டும் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. எந்த வழியிலும் விலை கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளை ஐந்தாறு மாதம் தாயைப் பார்க்காமல் இருக்கிறது. தாய் ஊரில் தங்கினால் குட்டிகளைப் பார்க்க ஆளில்லாமல் இறப்பு கூடும். கூலி ஆளுக்குச் சம்பளம் தருவதில் கிடைக்கூலியின் பெரும்பகுதி கரையும். சம்பளத்துக்குப் பெரிய ஆள் கட்டுப்படியாகாதபோதுதான், மலிவாகக் கிடைக்கும் வேறு வீட்டுச் சிறுவன்மேல் கண் போகிறது. கிடை வாழ்க்கையின் மிகக் கொடிய பக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு இதைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சாய்த்த சில வாரங்களில், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ரூ.36,000-க்குத் தன் மகனை ஆடு மேய்க்க அடகு வைத்த செய்தி வெளிவந்தது. அதிகாரிகள் அந்தச் சிறுவனை மீட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஆட்டுக்கிடையிலிருந்தும் வாத்துக் கூட்டங்களிலிருந்தும் சிறுவர்கள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. இதைக் காட்டி, கிடையே குழந்தைகளுக்கு ஆகாத இடம், அதை மெல்ல ஒழிய விடுவதே நல்லது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. பெற்றோரோடு இருக்கும் பிள்ளை மாலையில் குட்டி சேர்ப்பதும், பெற்றோரைப் பிரிந்த பிள்ளை கடனுக்காக நள்ளிரவில் காவல் நிற்பதும் ஒன்றல்ல. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத் தொழிலில் உதவுவதை வேறாகத்தான் வைக்கிறது. அந்த விதிவிலக்கைத் தப்பாகப் பயன்படுத்த இடமிருக்கிறது என்ற எதிர்ப்பும் சரியே. அதனால்தான் கிடைகளை யாராவது தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ வாரம் ஒருமுறை வந்துபோகும் கிடையில் அடகுப் பிள்ளையை ஒளித்து வைக்க முடியாது. எவரும் எட்டிப் பார்க்காத கிடையில்தான் அது முடிகிறது.

விடுதி கட்டிப் பிள்ளைகளைத் தங்க வைத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல விடுதி பெரிய உதவி. ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் வலசைக் காலத்துக்கென்றே விடுதிகள் இருந்தால் பல குடும்பங்கள் மனமாரச் சேர்க்கும். ஆனால் விடுதி சின்னப் பிள்ளைகளுக்கு விடையாகாது. மங்கோலியாவில் மேய்ச்சல் குடும்பப் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நெடுங்காலமாக உண்டு. அங்கே 2008-ல் பள்ளியில் சேரும் வயதை ஆறாகக் குறைத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளையை விடுதியில் விட மனம் வராத தாய்மார்கள், பள்ளி மாதங்களில் பிள்ளையோடு சிற்றூருக்குக் குடிபெயர, தகப்பன் மட்டும் தனியே மந்தையோடு நிற்கும் நிலை பரவலானது. ஒரு குடும்பம் இரண்டு அடுப்பானது. ஆறு வயதுக்கே இப்படியென்றால், இரண்டு வயதுப் பிள்ளையை எந்த விடுதி ஏற்கும்? சத்துணவும் தடுப்பூசியும் பேச்சும் விளையாட்டும் அதிகம் வேண்டியிருப்பது அந்த வயதில்தான். தாயோடு இருக்கும் இடத்திலேயே அது கிடைத்தாக வேண்டும்.

தூரம் என்ற காரணத்துக்காகப் பிள்ளையின் உரிமையைக் கைவிடாத நாடுகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் மாட்டுப் பண்ணைகள் சில நம் மாவட்டங்களைவிடப் பெரியவை. அன்னா கிரீக் என்ற பண்ணை 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அக்கம்பக்கத்து வீடு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்த வெளியில், பறக்கும் மருத்துவர்களுக்காக வைத்திருந்த வானொலியைப் பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்படுத்தலாம் என்ற யோசனையைச் சொன்னவர் அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளர். 1951 ஜூன் 8-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அந்த வானொலிப் பள்ளி தொடங்கியது. ஆசிரியர் நகரத்தில் இருந்து பேச, பண்ணைப் பிள்ளைகள் கருவியின் முன் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். இப்போது அதே வேலை செயற்கைக்கோள் வழியே நடக்கிறது. ஆசிரியர்கள் அவ்வப்போது பண்ணைகளுக்கு நேரில் போய் வருகிறார்கள். தொலைவில் வசிக்கும் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அரசு தனி உதவித்தொகையும் தருகிறது. அங்கிருப்பவர்கள் வசதியானவர்கள், ஓரிடத்தில் வீடு உள்ளவர்கள், நம் கீதாரிக்கு அது பொருந்தாது என்று சொல்லலாம். கருவி பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வானொலிப் பள்ளி நடப்பதே வீட்டில் ஒரு தாயோ, சம்பளத்துக்கு வைத்த ஆசிரியையோ காலை முழுதும் பிள்ளையோடு உட்கார்வதால்தான். குட்டி, அடுப்பு, தண்ணீர் என்று ஓடும் நம் பெண்ணின் கையில் ஒரு செல்போனைக் கொடுத்துவிட்டுப் பள்ளி வந்துவிட்டது என்று சொல்வது ஏமாற்று. கொரோனா காலத்தில் ஊரில் வீடுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கே அது உதவவில்லை. ஆனால் பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அது பள்ளியின் கணக்கில்தான் இருக்கிறது என்ற கொள்கை எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

நம் நாட்டு அனுபவங்களும் இருக்கின்றன, அவை ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஜம்மு காஷ்மீரில் குஜ்ஜர், பக்கர்வால் மேய்ப்பர்களுக்காக 1970-களிலிருந்து நடமாடும் பள்ளிகள் உண்டு. கோடையில் மந்தை மலையேறும்போது ஆசிரியரும் ஏறுகிறார். குஜராத்தின் சின்ன ரண் பாலையில் உப்பெடுக்கும் அகரியா குடும்பங்கள் ஆண்டில் எட்டு மாதம் போலப் பிள்ளைகளோடு வெடித்த சேற்று வெளியில் குடிசை போட்டு வாழ்கின்றன. அங்கே கூடாரப் பள்ளிகள் நடந்தன, பிறகு ஓடி ஓய்ந்த அரசுப் பேருந்துகளை வகுப்பறைகளாக்கி நிறுத்தினார்கள். அதே கட்ச் பகுதியின் ரபாரி மேய்ப்பர்களிடையே 1990-களில் கரோலின் டயரும் அர்ச்சனா சோக்சியும் கூடவே நடந்துபோய்ச் சொல்லித்தரும் முறையைச் செய்து பார்த்தார்கள். மக்கள் அவர்களை அன்போடு ஏற்றார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டியது ஊரில் உள்ள, மற்றவர் பிள்ளைகளும் படிக்கிற, சான்றிதழ் தருகிற பள்ளிதான் என்று ரபாரிகள் தெளிவாகச் சொன்னார்கள். எனக்கு இது மிக முக்கியமான சாட்சியாகப் படுகிறது. நாடோடிகளுக்கு நாடோடிப் பள்ளி என்று ஒன்றைத் தனியாகப் பிரித்துத் தந்தால், அது தரம் குறைந்த பள்ளியாகவே முடியும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். அச்சம் பொய்யில்லை.

எனவே தமிழ்நாட்டுக்குப் பொருந்துவது வேறொரு வழி. கீதாரிகள் காஷ்மீர் மலையிலோ உப்புப் பாலையிலோ இல்லை. தை முதல் வைகாசி வரை அவர்கள் கிடை போடும் டெல்டாவில் நடக்கிற தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி இல்லாத ஊரே அரிது. சிக்கல், கிடை ஒரு வயலில் ஓரிரு இரவுதான் தங்கும், அடுத்த வாரம் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்பதில்தான் இருக்கிறது. ஒரு பள்ளியில் சேர்த்தால் எட்டாம் நாள் அது தூரமாகிவிடும். ஆகவே வலசைப் பிள்ளைக்கு மட்டும் சேர்க்கையின் அலகை ஊரிலிருந்து ஒன்றியத்துக்கு மாற்ற வேண்டும். லால்குடி ஒன்றியத்தில் ஒருமுறை பெயர் பதிந்தால் அந்த ஒன்றியத்தின் எந்த அரசுப் பள்ளியிலும் அன்றன்றைக்குப் போய் உட்காரலாம், எங்கு உட்கார்ந்தாலும் வருகை அதன் சொந்த ஊர்ப் பள்ளியின் கணக்கில் ஏறும், முழு ஆண்டுத் தேர்வை இருக்கும் இடத்திலேயே எழுதலாம் என்று வைத்தால் போதும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் எமிஸ் எண் இருக்கிறது. 2020 அக்டோபர் முதல் ரேஷன் அட்டைக்கு மாநிலத்தின் எந்தக் கடையிலும் அரிசி வாங்க வழி செய்தோம். அரிசிக்குச் செய்ததை வருகைப் பதிவுக்கும் செய்யலாம். விடுபட்ட பாடத்துக்கு, தன்னார்வலர்கள் மாலையில் சொல்லித்தரும், 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் மாதிரி கையில் இருக்கிறது. குட்டி சேர்த்து முடிந்த மாலை வேளையில் அந்த ஊர்த் தன்னார்வலர் ஒருவர் தங்கலுக்கே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது பெரிய விஷயம்.

பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைக்கு அங்கன்வாடி. வெளியூர்க் குழந்தை என்று திருப்பி அனுப்பாமல், வரப்பில் வந்திறங்கிய குழந்தையை எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, தடுப்பூசி அட்டையைப் பார்க்கும் பொறுப்பை அந்த ஊர் மையத்துக்கு எழுத்தில் தர வேண்டும். கர்ப்பிணியாகக் கிடைக்கு வந்த பெண்ணுக்கும் இதே பொறுப்பு கிராம சுகாதாரச் செவிலியருக்கு வேண்டும். கிடையில் ஓர் ஆட்டுக்கு நோய் என்றால் 1962-ஐ அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரச்சொல்ல முடிகிறது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் நீலநாக்கு நோய்க்கும் தடுப்பூசி போடக் கால்நடைத் துறை மந்தை இருக்கும் இடத்துக்கே போகிறது. அது மிக நல்ல ஏற்பாடு. மந்தையைத் தேடிப் போகத் தெரிந்த அரசுக்கு அதே வரப்பில் கிடக்கும் தூளியைத் தேடிப் போகவும் முடியும் என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டாம்.

சில ஆயிரம் பிள்ளைகளுக்காக இவ்வளவு ஏற்பாடா என்று கேட்பவர்களுக்கு, எத்தனை ஆயிரம் என்று நாம் எண்ணியே பார்க்கவில்லை என்பதுதான் முதல் பதில். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செம்மறி ஆடுகள் சுமார் 45 லட்சம். ஆடுகளின் எண்ணிக்கை அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. வலசை போகும் மேய்ப்பர்களைத் தனியாகக் கணக்கில் கொண்டது 2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கணக்கெடுப்பில்தான். கி. ராஜநாராயணனின் ‘கிடை’யும் சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’யும் இந்த மனிதர்களை எப்போதோ பார்த்துவிட்டன, புள்ளிவிவரம் இப்போதுதான் பார்க்கிறது. கீதாரிகளில் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வரும் இடையர் சமூகத்தினர் என்பதால் பழங்குடியினருக்கான உண்டு உறைவிடப் பள்ளிகளும் இவர்களுக்கு எட்டாது. செலவைப் பொறுத்தவரை, இங்கே புதிய கட்டடமோ புதிய பணியிடமோ கேட்கவில்லை. இருக்கும் பள்ளியில், இருக்கும் தட்டில், இன்னொரு பிள்ளைக்கு இடம் கேட்பதுதான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இதே திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில். அன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளையும் சேர்த்தே அந்தத் திட்டம் எண்ணியது. இப்போது காலை உணவும் இருக்கிறது. பசியோடு வரும் பிள்ளையிடம் ஊர் எது என்று கேட்கக் கூடாது என்பதை இந்த மாவட்டம் நாட்டுக்கே காட்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு, எனக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது, மேய்ப்பர் குடும்பங்களிடமிருந்தே வருகிறது. எங்கள் பிள்ளை இந்த வெயிலிலும் மழையிலும் கிடக்க வேண்டாம், படித்து வேலைக்குப் போகட்டும் என்றுதான் அநேகமாக எல்லாத் தாயும் விரும்புகிறாள். அப்படியிருக்கக் கிடை வாழ்க்கையோடு பள்ளியைப் பொருத்துவது, பிள்ளையைக் கிடையிலேயே கட்டிப்போடும் தந்திரம் ஆகாதா? ஆகாது என்று நம்புகிறேன். வெளியேற விரும்பும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புப் படிப்பும் கையில் சான்றிதழும் வேண்டும். அவை இல்லாமல் கிடையை விட்டவன் நகரத்துக் கட்டட வேலையில் சித்தாளாகத்தான் போய்ச் சேருகிறான். அது முன்னேற்றமாகாது. தொழிலில் நிற்க விரும்புகிறவனுக்கும் படிப்பு வேண்டும். கிடைக்கூலி பேசவும், காப்பீடும் வங்கிக் கடனும் வாங்கவும், மருந்தின் அளவைப் படிக்கவும் அது உதவும். ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் போன்ற நம் நாட்டுச் செம்மறி இனங்கள் இவர்களின் கையில்தான் இருக்கின்றன. ஐ.நா. சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்ததற்கு இந்த அறிவும் ஒரு காரணம். எந்தப் பக்கம் போவது என்பதைப் பன்னிரண்டு வயதில் பசியும் கடனும் தீர்மானிக்காமல், பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.

தொடங்குவது கடினமில்லை. எந்த வயலில் எந்தக் கிடை என்பது கிராம நிர்வாக அலுவலருக்கும் வேளாண் உதவி அலுவலருக்கும் தெரியும். கிடைக்குப் பணம் கொடுக்கும் விவசாயிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். வரும் தையில் ஸ்ரீரங்கம், லால்குடி, மண்ணச்சநல்லூர் வட்டங்களில் மட்டும் ஒவ்வொரு கிடையிலும் எத்தனை பிள்ளைகள், என்ன வயது, சொந்தப் பள்ளி எது என்று வட்டார வள மையம் ஒரு பட்டியல் எடுக்கட்டும். அந்தப் பட்டியல் மாசி முடிவதற்குள் ராமநாதபுரம், சிவகங்கை முதன்மைக் கல்வி அலுவலர்களின் கைக்குப் போகட்டும். ஏப்ரல் தேர்வை அந்தப் பிள்ளைகள் இங்கேயே எழுதட்டும். ஜூனில் மேட்டூர்த் தண்ணீருக்கு வழிவிட்டு மந்தை தெற்கே திரும்பும் நாட்களில், புதுப் பாடப்புத்தகமும் சீருடையும் ஊர்ப் பள்ளியில் அவர்கள் பெயருக்கு எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.